குறுங்காம்புக் களைக்கொட்டும் ஒரு சொல்லின் பொருளும்

கருவியொன்று உடையவில்லை; அதன் இரும்பில் விரிசலும் இல்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே, உரிய முறையிலேயே கையாளப்படுகிறது. ஆயினும் அதனைப் பிடித்து உழைப்பவன் சில ஆண்டுகளில் நிமிர்ந்து நடக்க இயலாதவனாகிறான். அக்கருவியை ‘ஆபத்தான கருவி’ எனச் சட்டம் கொள்ளலாமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 1975 ஜனவரி 13ஆம் நாள் விடை கூற நேர்ந்த வினா இது. உழைப்பால் வரும் நோய்களின் வரலாற்றில் இவ்வழக்குக்குத் தனி இடம் உண்டு. சட்டச் சொற்களின் பொருள்வரம்பை ஆராய்வதிலேயே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு அதில் ஈடுபாடு மிகுவதில் வியப்பில்லை.

அக்கருவி நம் களைக்கொட்டை ஒத்தது. காம்பின் நீளம் ஏறத்தாழ ஓரடி. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் அதனை ஸ்பானிய மொழியில் ‘எல் கோர்த்தித்தோ’ என்றனர். ‘குட்டை’ என்பது பொருள். சலினாஸ், இம்பீரியல் ஆகிய பள்ளத்தாக்குகளில் லெட்டூஸ் கீரையும் சர்க்கரை பீட்டும் விளையும் வயல்களில், நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்து இடைவெளி உண்டாக்குவதும் களையெடுப்பதும் அதன் பணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பீட் சாகுபடி பெருகியபோது சீனரும் ஜப்பானியரும் அவ்வயல்களில் குனிந்தனர். பின்னர் ஃபிலிப்பினோக்களும் மெக்சிகோ நாட்டவரும் வந்தனர். 1942 முதல் 1964 வரை இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்கீழ் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகையினர் கொண்டுவரப்பட்டனர். ஆட்கள் மாறினர், காம்பின் நீளம் மாறவில்லை.

நீண்ட காம்பு செய்யத் தெரியாமல் எவரும் குறுங்காம்பு செய்யவில்லை. நிலவுடைமையாளர் கூறிய காரணம், பயிருக்கு அருகில் கண்ணும் கையும் இருந்தாலன்றி வேலை நேர்த்தியாக அமையாது, நல்ல நாற்றும் வெட்டுண்டுபோகும் என்பது. தொழிலாளர் கூறிய காரணம் வேறு. குறுங்காம்பைப் பிடித்தவன் வேலை செய்யும்போது குனிந்தே இருந்தாக வேண்டும். ஆகவே வயலின் வரப்பில் நிற்கும் கங்காணி ஒரே பார்வையில் எவன் வேலையை நிறுத்தியிருக்கிறான் என்று கண்டுகொள்வான். நிமிர்ந்த முதுகே சோம்பலுக்குச் சாட்சி. இவ்விரண்டாம் காரணத்தையே நாம் உண்மைக்கு அணித்தாகக் கருதுகிறோம். ஏனெனில், பின்னர் நீண்ட காம்பு வந்தபோது பயிர் அழிந்துவிடவில்லை.

குனிவதால் உடலுக்கு நேர்வது என்ன? முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் உள்ளன. உடல் முன்னோக்கி வளையுந்தோறும் தட்டின் முன்பகுதி நசுங்குகிறது. உள்ளிருக்கும் கூழ் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. முழுவதும் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் வேலையை விட்டுவிட, உடலின் பாரம் தசைநார்களின்மேலும் தட்டுகளின்மேலும் விழுகிறது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960, 70களில் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், நின்றவாறு முன்வளைகையில் அது ஏறத்தாழ 150. ஒருமுறை வளைவதில் கேடில்லை. தொழுகையில் நாம் அன்றாடம் குனிந்து நிமிர்கிறோம். நாள் முழுதும், பருவம் முழுதும், ஆண்டுக்கணக்கில் நிமிராதிருப்பதே கேடு. இங்கே தீங்கு செய்வது இரும்பின் கூர் என்பதைவிட, காலம் என்பதே பொருந்தும்.

மருத்துவ உலகுக்கு இது புதிய செய்தி அன்று. இத்தாலியின் கார்ப்பி நகரில் 1633இல் பிறந்த பெர்னார்தினோ ராமத்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூலை 1700இல் மோதெனாவில் வெளியிட்டார். விரிவாக்கிய பதிப்பு 1713இல் வந்தது. நோயாளியிடம் மருத்துவன் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு ‘உன் தொழில் யாது?’ என்பதையும் சேர்க்கவேண்டும் என்றவர் அவர். தொழிலால் வரும் நோய்க்கு அவர் இரு வாயில்களைக் காட்டினார். ஒன்று, கையாளும் பொருளிலிருந்து எழும் நஞ்சும் தூசியும். மற்றொன்று, உடலின் இயல்புக்கு ஒவ்வாத அசைவுகளும் இருக்கை நிலைகளும். உழவர்க்கும் எழுத்தர்க்கும் அவர் இயல் வகுத்தார். கற்றோரின் நோய்களையும் விட்டுவிடவில்லை. கிதாபின்மேல் கவிழ்ந்தே வயதாகிப்போன நம் ஆசிரியப் பெருமக்கள் அவ்வியலைப் படித்தால் தம்மை அங்கே காண்பர்.

சட்டம் முதல் வாயிலை விரைந்து ஏற்றது, இரண்டாவதில் தயங்கிற்று. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் முதலில் ஆறு நோய்களை ஏற்றது: ஆந்த்ராக்ஸ், கொக்கிப்புழு நோய், ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவற்றின் நஞ்சேற்றம். அடுத்த ஈராண்டுகளில் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால், முழங்கை வீக்கங்களும் தந்தி அனுப்புவோரின் கைப்பிடிப்பும் பட்டியலில் இடம்பெற்றன. உழவனின் முதுகு இடம்பெறவில்லை.

நம் மரபிலும் இதனை ஒத்ததொரு நிலையைக் காண்கிறோம். பணியாளர்மீது அவர் தாங்காத சுமையை ஏற்றலாகாது, ஏற்றினால் தாமும் கைகொடுக்க வேண்டும் என்னும் நபிமொழி, அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வின் ஹிஸ்பா இயலில், அடிமைகளைச் சக்திக்கு மீறி வேலைவாங்கும் எசமானரையும் விலங்குகள்மீது மிகைப்பாரம் ஏற்றுவோரையும் தடுப்பதை முஹ்தஸிபின் கடமைகளுள் வைக்கிறார், மரக்கலத்தில் அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதையும் தடுக்கச் சொல்கிறார். ஆனால் முஹ்தஸிபின் அதிகாரம் வெளிப்படையான தவறின்மீதே செல்லும். மறைவானதைத் துருவ அவருக்கு அனுமதியில்லை. கடைவீதியில் தள்ளாடும் கழுதையின் சுமை கண்ணுக்குத் தெரியும். இருபது ஆண்டு குனிந்தவனின் முள்ளெலும்புத் தட்டு தெரியாது. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கைவினைஞனிடம் ஒப்படைத்த துணி கெட்டுப்போனால் ஈடுதரும் பொறுப்பு யாருடையது என்பதை நாம் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆய்கின்றன. அத்துணியை நெய்தவனின் இடுப்பு கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று நம் வகுப்பறைகளில் எவரும் கேட்டு நாம் அறியோம். ‘தரர்’ என்னும் சொல்லில் அதற்கு இடமில்லையா? உண்டென்பதே எமது கருத்து.

கலிஃபோர்னியாவில் அக்கேள்வியைத் தொழிலாளரே எழுப்பினர். ஏழை உழவுத் தொழிலாளர்க்கு இலவசமாக வழக்காடிய ‘கலிஃபோர்னியா ஊரகச் சட்ட உதவி’ அமைப்பின் வழக்கறிஞர் மாரிஸ் ஜோர்டேன் வழக்கை ஏற்றார். 1972இல் தொழிற் பாதுகாப்பு ஆணையத்திடம் மனு அளிக்கப்பட்டது. விசாரணையில் மருத்துவர் பலர் சான்றுரைத்தனர். குறுங்காம்பைப் பிடித்து நெடுநாள் உழைப்போர்க்கு மீளாத முதுகு நோய் வரும் என்பது அவர்தம் வாக்கு. ஆபத்தான கைக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்றொரு விதி முன்பே நடப்பில் இருந்தது. ஆனால் அதிகாரிகள் அவ்விதி பழுதுபட்ட கருவிகளையே குறிக்கும் என்று பொருள்கொண்டு 1973இல் மனுவைத் தள்ளினர். களைக்கொட்டில் பழுது எதுவும் இல்லையல்லவா!

உச்ச நீதிமன்றம் இப்பொருள்கோளை ஏற்கவில்லை. விதியின் நோக்கம் உழைப்பவனின் உடலைக் காப்பது. கருவி தன்னளவில் பழுதுற்றிருந்தாலும், அதனைக் கையாளவேண்டிய முறையால் தீங்கு விளைந்தாலும், உடலுக்கு நேரும் கேடு ஒன்றே. உஸூலுல் ஃபிக்ஹு பயின்றோர் இதில் சொல்லின் மேற்பரப்பைவிட்டு விதியின் ‘இல்லத்’தை நாடும் முறையை இனங்காண்பர். நீதிமன்றம் தானாகக் கருவியைத் தடைசெய்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பிழையான பொருளை நீக்கி, மறுபடியும் ஆராயுமாறு அதிகாரிகளிடமே திருப்பியனுப்பியது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர்கள் குறுங்காம்புக் களைக்கொட்டைத் தடைசெய்தனர். தொழிலே நசிந்துவிடும் என்று உடைமையாளர் எச்சரித்தனர். அரை நூற்றாண்டு கடந்தும் அமெரிக்காவின் லெட்டூஸில் பெரும்பகுதி அம்மாநிலத்திலிருந்தே வருகிறது.

தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு இவ்வளவும் கிட்டவில்லை. கோழியறுக்கும் ஆலையிலும் பொருத்துவரிசையிலும் ஒரே அசைவை நாளெல்லாம் செய்வோரின் மணிக்கட்டும் தோளும் தேய்வதைத் தடுக்க, அமெரிக்க மைய அரசின் தொழிற் பாதுகாப்புத் துறை பத்தாண்டு முயன்று 2000 நவம்பரில் விதியொன்றை வெளியிட்டது. அது 2001 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மார்ச்சில் நாடாளுமன்றம் அதனை நீக்க, அதிபர் புஷ் கையொப்பமிட்டார். இரு திங்கள் வாழ்ந்த விதி அது.

வயலிலும் கதை 1975உடன் முடிந்துவிடவில்லை. களைக்கொட்டைத் தடைசெய்த சட்டம் வெறுங்கையைத் தடைசெய்யவில்லை. கருவியே இல்லாமல் குனிந்து கையால் களைபறிக்கச் செய்யும் வழக்கம் பல பண்ணைகளில் தொடர்ந்தது. நீண்ட காம்புக் கருவியால் செய்யத்தக்க இடங்களில் குனிந்து கையால் களைபறிக்கச் செய்வதைக் கட்டுப்படுத்தும் விதி 2004இல்தான் வந்தது. கையால் பறித்தே ஆகவேண்டிய இடங்களில், வழக்கமான ஓய்வோடு ஐந்து நிமிடம் கூட்டித்தர வேண்டும் என்றது அவ்விதி. களைக்கொல்லி தெளிக்காத இயற்கைப் பண்ணைகளுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது.