பழைய புல்லட்டும் புதிய வர்ணமும்

திருவொற்றியூரில் தயாரான பழைய என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்களை வீட்டிலேயே பிரித்துச் செப்பனிட்டு, மறுவர்ணம் பூசி ஓட்டும் ஆர்வலர்கள் தமிழ்நாட்டில் பலர் உள்ளனர். இதில் எஞ்சின் வேலையே கடினமானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாற்று நோக்கில் பார்த்தால் நிலைமை வேறு. எஞ்சினை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது பழைய எஞ்சினாகவே இருக்கும். ஒரே நாளில் அழிந்து, திரும்ப வராமலே போவது முதல் வர்ணம்தான்.

திருவொற்றியூர் ஆலை

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றியது. அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வெளிவந்தது. 'புல்லட்' என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு எல்லைப் பகுதிகளில் ரோந்து செல்ல இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இவ்வண்டிகளை இறக்குமதி செய்துவந்த மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ரெட்டிச் நிறுவனம் 1955-இல் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. ஆலை திருவொற்றியூரில் அமைந்தது.

முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. பின்னர் அச்சுகளும் கருவிகளும் வாங்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. தாய் ஆலை போன பிறகும் திருவொற்றியூர் ஆலை ஓடியது. 1977-இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. சொல்லிக் கொடுத்தவருக்கே மாணவன் பாடம் எடுத்தது போலத்தான் இது.

அந்த நீண்ட காலத்தில் வண்டியின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின், தனியே நின்ற நான்கு கியர் பெட்டி, முகப்பு விளக்கோடு ஒன்றான மேல்மூடி, அதன் இருபுறமும் சிறு விளக்குகள், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் எனப் பல பத்தாண்டுகள் ஒரே சாயல்தான். மின்சுற்றும் கார்ப்பரேட்டரும் இடையில் மாறின. இரும்பு எஞ்சின் 2010-ஐ ஒட்டி விடைபெற்றது. இப்படி மாறாமல் இருந்ததால்தான் உதிரிப் பாகம் எளிதில் கிடைத்தது. தெருமுனை மெக்கானிக்கும் இதைப் பழகிக்கொண்டார். அதே காரணத்தால், ஒரு வண்டி எந்தக் காலத்தது, எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதை எஞ்சினைவிட வர்ணமே தெளிவாகக் காட்டுகிறது.

கைக்கோடு

கறுப்பு டாங்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோடு புல்லட்டின் அடையாளம். ஸ்டிக்கரோ அச்சோ இல்லாமல், நீண்ட மயிர் கொண்ட தூரிகையால் கையாலேயே இழுக்கப்பட்ட கோடு அது. திருவொற்றியூர் ஆலையில் இக்கலை ஒரே குடும்பத்துக்குள் தலைமுறை கடந்து வந்தது. கையால் இழுத்ததால் ஒரு டாங்கின் கோடு இன்னொன்றோடு முற்றிலும் ஒத்துப்போகாது. வளைவில் சற்றுத் தடிக்கும், முடிவில் மெலியும். மறுவர்ணம் பூசும்போது முதலில் போவது இக்கோடுதான். அதன் இடத்தில் ஒட்டப்படும் ஸ்டிக்கர் மிக நேராக இருக்கும். பழகிய கண்ணுக்கு அந்த நேர்த்தியே காட்டிக்கொடுத்துவிடும்.

வர்ணத்தை உரிக்கும் முன் கோட்டின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் படியெடுக்க வேண்டும். டாங்கின் விளிம்பிலிருந்து கோட்டின் தூரத்தை அளந்து குறித்து, பகல் வெளிச்சத்தில் படமும் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

ராணுவப் பச்சை

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட புல்லட்டுகள் ஏராளமாகப் பொதுமக்களிடம் வந்தன. அவற்றை அதே பச்சையில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது. எனவே வாங்கியவர்கள் கறுப்போ சிவப்போ பூசினர். இன்று அந்த வண்டியின் டாங்கைத் தேய்க்கும்போது அடியில் பச்சை தெரிந்தால், அதன் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது போல. சாட்சிக்காக ஒரு விரல் அகலப் பச்சையை இருக்கைக்கு அடியில் விட்டுவைப்பது நல்லது.

வீட்டில் செய்யும்போது

பெயிண்டர்கள் இன்றும் 'டியூக்கோ' என்று சொல்வது, 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தின் வணிகப் பெயர். நாள்கணக்கில் காய்ந்த கார் வர்ணத்தை அது மணிக்கணக்கில் காய வைத்தது. ஆனால் ஈரக் காற்றில் அடித்தால் வெண்மை படிந்து மங்கும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வேலையைத் தொடங்காமலிருப்பதே நலம்.

முறை எளிமையானதுதான். துருவை நீக்கி, பிரைமர் அடித்து, பள்ளங்களுக்கு மெல்லிய பட்டி வைத்து, எமரித் தாளால் தேய்த்து, அதன் மேல் வர்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். பொறுமையற்றவர் வைக்கும் கனத்த பட்டி, புல்லட்டின் அதிர்வில் சீக்கிரமே வெடித்துவிடும். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக்கூடாது. இன்று பயன்படும் பி.யு. வர்ணத்தின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. டாங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. பெட்ரோல் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கில் தங்கிய ஆவி பயங்கரமாக வெடிக்கும்.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடங்களை டேப் ஒட்டி மறைத்தபின்பே ஃபிரேமுக்கு வர்ணம் அடிக்க வேண்டும். பவுடர் கோட்டிங் கனமானது, எழுத்துகளை நிரப்பிவிடும். எண் படிக்க முடியாத வண்டிக்குப் பதிவைப் புதுப்பிப்பது பெரும்பாடு. நிறம் மாறினால் அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாத வாகனங்கள் 'விஏ' என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு பெறலாம். 1970-களின் முற்பகுதியில் வந்த புல்லட்டுகளும் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன.

மாறிய சாலை

என்ஃபீல்டு இந்தியா 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுமையாகப் போனது. 2013-இல் ஒரகடத்திலும் பின்னர் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூர் இன்று சென்னை மாவட்டத்தில் உள்ளது. மணவாள நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தெற்கே போனால் புதிய ஆலைகளின் பக்கம் சேரலாம். கிழக்கே கடலோரத்தில் இருப்பது பழைய ஆலை. ஒரகடத்தில் வர்ணம் அடிக்க ரோபோக்கள் வந்த பிறகும் புல்லட்டின் பொன்கோட்டை மனிதக் கையே இழுத்தது.

அதனால் சில ஆர்வலர்கள் மட்கார்டு, ஃபிரேம், பக்கப் பெட்டிகளுக்கு மட்டும் புது வர்ணம் பூசிவிட்டு டாங்கைத் தொடாமல் விடுகிறார்கள். ஓட்டியவரின் முழங்கால் உரசி இரும்பு தெரியும் இடத்தில் மெழுகு மட்டும் தேய்க்கிறார்கள். கோடு பாதி மறைந்திருந்தாலும் அப்படியே இருக்கிறது.