எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை: அச்சமும் ஆராய்ச்சியும்

வைத்தியரின் கத்திக்கு அஞ்சாதவர் அரியர். உயிருக்கு ஆபத்தான வேளையில் வேறு வழியின்றி அதற்கு உடன்படுவோர் பலராவர். ஆயினும், உண்டும் உழைத்தும் நடமாடி வரும் ஒருவர், தம் உடற்பருமனைக் குறைப்பதற்காகப் புண்ணோ கட்டியோ இல்லாத இரைப்பையையும் குடலையும் அறுக்க இசைவதென்றால், அவரும் அவருடைய சுற்றத்தாரும் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவோர் உளர். அதுவே விவேகம் என்று போற்றுவோரும் உளர். இவ்விரு சாராருள் எவர் கூற்று ஏற்கத்தக்கது? இச்சிகிச்சையின் எழுபது ஆண்டு வரலாறே இதற்கு விடை கூறவல்லது. அதனைச் சுருக்கமாக ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் அளவுகோலை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். கிலோகிராமில் கணக்கிட்ட எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணை உடல் நிறை எண் என்று வைத்தியர்கள் வழங்குகின்றனர். 160 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோகிராம் எடையும் உடைய ஒருவருக்கு அவ்வெண் ஏறத்தாழ 35 ஆகும். இந்த எண் இவ்வுரையில் மீண்டும் வரும்.

அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாகாணத்தில் ஆர்னால்டு கிரெமன், ஜான் லின்னர் முதலிய நிபுணர்கள், சிறுகுடலின் எப்பகுதி எந்தச் சத்தை உறிஞ்சுகின்றது என்பதை நாய்களைக் கொண்டு ஆராய்ந்தனர். அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரை 1954-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறுகுடலின் பின்பகுதியை இழந்த உயிர், கொழுப்பைச் சரிவர உறிஞ்ச மாட்டாமல் மெலிகின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. குடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையினின்றும் விலக்கி வைத்தால், உண்பது உடம்பில் ஒட்டாது, எடை குறையும் என்னும் எண்ணம் இவ்வாறு உருப்பெற்றது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹோவர்டு பேன், லோரன் டிவிண்டு என்னும் இருவர், 1956 முதல் பருமன் மிக்க பத்து நோயாளிகளுக்குச் சிறுகுடலின் முற்பகுதியை நேரே பெருங்குடலோடு இணைத்தனர். எடை விரைந்து குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், உடலின் உப்புச் சத்துக்களின் சீர்குலைவும் உடன் வந்தன. குடலைப் பழைய நிலைக்கு மாற்றி அமைத்தபொழுதோ இழந்த எடை மீண்டும் ஏறியது. 1963-இல் இவ்விளைவுகளை வெளியிட்ட அவ்விருவரும், பின்னர் முறையைச் சற்றே மாற்றிச் சிறுகுடலின் தொடக்கத்தில் 14 அங்குலத்தையும் முடிவில் 4 அங்குலத்தையும் மட்டும் இணைத்து, இடைப்பட்ட பகுதியை விலக்கி வைத்தனர். 1969-இல் வெளியான இம்முறை வேகமாகப் பரவியது.

பரவிய பின்னரே அதன் கேடு தெரியவந்தது. உறிஞ்சப்படாத கொழுப்பு, குடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டது. அச்சத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்ஸலேட் என்னும் பொருள் தனித்து நின்று இரத்தத்தில் கலந்தது. சிறுநீரகத்தில் கல்லாய்ப் படிந்தது. விலக்கி வைத்த குடலில் கிருமிகள் பெருகின. மூட்டுகள் வீங்கின. கல்லீரல் பழுதடைந்து சிலர் உயிர் துறந்தனர். இத்தீங்குகளுட் பல, நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு மகிழ்ச்சியோடு வெளியேறி, மாதங்களும் ஆண்டுகளும் சென்ற பின்னர்த் தலைகாட்டியவை. அறுவை நாளில் உயிர் பிழைத்ததைக் கொண்டு வெற்றியென்று முடிவு கட்டியவர்கள் ஏமாந்தனர். 1980-ஆம் ஆண்டையொட்டி இம்முறை கைவிடப்பட்டது. மக்கள் உள்ளத்தில் இன்றும் உறைந்துள்ள அச்சத்தின் ஒரு வேர் இங்கே இருக்கின்றது. அவ்வச்சம் வீண் பிரமையன்று என்பதை வரலாறு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் என்னும் அறிஞர் வேறொரு பாதையை நாடினார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பெற்ற பெண்கள் எளிதில் எடை கூடுவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். 1966-இல் அவரும் சிகாஷி இட்டோ என்பவரும், இரைப்பையின் மேற்பகுதியில் சிறிய பையொன்றைப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினர். குடல் முழுவதையும் முடக்காமல், உண்ணும் அளவைக் குறைப்பது அதன் அடிப்படை. பிறர் அதனைத் திருத்தினர். மேசனும் 1980-இல் இரைப்பையைத் தடுத்துக் கட்டும் மற்றொரு முறையை வகுத்தார்.

மேசன் செய்த அறுவைகளினும், 1986-இல் அவர் தொடங்கிய பதிவேடு நம்முடைய பொருளுக்கு இன்றியமையாதது. யாருக்கு எம்முறையில் அறுவை நிகழ்ந்தது, பின்னர் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பனவற்றைப் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து திரட்டி எழுதி வைக்கும் ஏற்பாடு அது. முந்திய தலைமுறையின் தவறு மீண்டும் நேராதிருக்க, நினைவையும் நம்பிக்கையையும் விட எண்ணிக்கையே துணை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அச்சம் இங்கே ஆராய்ச்சியாக மாறியது எனலாம்.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையங்கள் 1978-இலும், மீண்டும் 1991-இலும் அறிஞர் மாநாடுகளைக் கூட்டி இச்சிகிச்சையை ஆராய்ந்தன. உடல் நிறை எண் 40-க்கு மேற்பட்டவர்களும், 35-க்கு மேற்பட்டுக் கடுமையான பிற நோய்களும் உள்ளவர்களுமே இதற்கு உரியவர் என்று 1991 மாநாடு வரையறுத்தது. வயிற்றை நீளத் திறவாமல் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை செய்வதை ஆலன் விட்குரோவ், வெஸ்லி கிளார்க் ஆகியோர் 1994-இல் வெளியிட்டனர். அதன் பின்னர் வலியும், புண் ஆறும் காலமும் குறைந்தன. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து ஒரு குழல் போல் ஆக்கும் முறையும் தோன்றி, இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவதாக விளங்குகின்றது. அவ்வாறு வெட்டியெடுத்ததை மீண்டும் சேர்க்க இயலாது என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

நிற்க. இவ்வளவு கேட்ட பின், "இதனால் ஆயுள் நீளுமா, குறையுமா?" என்று வினவத் தோன்றும். இதற்கு விடை தேடியவர்களுள் ஸ்வீடன் நாட்டார் முதன்மையானவர். 1987-இல் அவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அறுவை செய்துகொண்ட 2,010 பேர் ஒருபுறம். அவர்களை ஒத்த பருமனும் வயதும் உடையவராய் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேர் மறுபுறம். சீட்டுக் குலுக்கி இவருக்கு அறுவை, அவருக்கு இல்லை என்று பிரிக்க முடியவில்லை. அக்காலத்தில் இவ்வறுவையால் நேர்ந்த மரணங்கள் மிகுதியாக இருந்தமையால் அவ்வாறு செய்வது அறமாகாது என்று கருதப்பட்டது. எனவே விருப்பமுற்றவர்க்கே அறுவை செய்யப்பட்டது.

முடிவு 2007-இல் வெளிவந்தது. அறுவையை அடுத்த 90 நாட்களில் அறுவைக் குழுவில் ஐவரும், மற்றதில் இருவரும் இறந்தனர். தொடக்கத்தில் அறுவைக்கே தீங்கு மிகுதி என்பது இதனால் தெளிவு. ஆனால் சராசரியாக ஏறத்தாழ 11 ஆண்டுகள் சென்ற பின் எண்ணிப் பார்த்தபொழுது, அறுவைக் குழுவில் 101 பேரும், மற்றதில் 129 பேரும் மறைந்திருந்தனர். தராசின் தட்டு மெல்ல மறுபுறம் சாய்ந்திருந்தது. 2020-இல் வெளியான தொடர் ஆய்வு, அறுவை செய்துகொண்டோர் மற்றவரினும் ஏறத்தாழ 3 ஆண்டுகள் மிகுதியாக வாழ்கின்றனர் என்றும், எனினும் பொதுமக்களின் சராசரியைக் காட்டிலும் அவர்களுடைய ஆயுள் 5½ ஆண்டுகள் குறைவே என்றும் கூறியது. சிகிச்சை நன்மை செய்கின்றது. பழைய பாதிப்பு முழுவதையும் துடைத்துவிடவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் அறுவை செய்துகொண்ட 7,925 பேரையும், செய்துகொள்ளாத அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்ட ஆய்வொன்றும் 2007-இல் வெளிவந்தது. அறுவைக் குழுவில் மொத்த மரணம் 40 சதவிகிதம் குறைந்தது; நீரிழிவால் நேரும் மரணமோ 92 சதவிகிதம் குறைந்தது. ஆனால் விபத்தாலும் தற்கொலையாலும் நேர்ந்த மரணங்கள் உள்ளிட்ட பிற வகை மரணங்கள் 58 சதவிகிதம் மிகுந்தன. உடல் மெலிந்த வேகத்தில் உள்ளத்தின் பாரமும் இறங்கிவிடும் என்று எண்ணுவது பிழை என்பதற்கு இவ்வெண் எச்சரிக்கையாக நிற்கின்றது. அறுவைக்கு முன்னும் பின்னும் மனநல ஆலோசனை வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

நீரிழிவைப் பற்றித் தனியே ஒரு சொல். வட கரோலினா மாகாணத்தில் வால்டர் போரீஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அறுவை செய்துகொண்ட 146 நீரிழிவாளர்களுள் 121 பேருக்கு இரத்தச் சர்க்கரை சாதாரண நிலையை எய்தியிருந்தது. எடை பெரிதும் குறையுமுன்னரே சர்க்கரை இறங்கத் தொடங்குவது பலருக்கு வியப்பளித்தது. அறுவைக்குப் பின் குடலில் சுரக்கும் இயக்குநீர்கள் மாறுபடுவதே இதற்கு ஒரு காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. அவ்வியக்குநீர்களுள் ஒன்றைப் போலச் செயலாற்றும் செமாகுளுடைடு என்னும் ஊசி மருந்து, எடை குறைப்பதற்கென அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்றது. ஆகவே கத்தியா, பத்தியமா என்றிருந்த பழைய வினா, இன்று மருந்தையும் சேர்த்து மூவழி வினாவாகியுள்ளது.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். இந்தியர்களுக்கு மேனாட்டாரினும் குறைந்த பருமனிலேயே நீரிழிவும் இதய நோயும் தோன்றுகின்றன. இதனைக் கருதி 2009-இல் நம் நாட்டு வைத்திய அறிஞர்கள் கூடி, எண் 37.5-க்கு மேற்பட்டோர்க்கும், பிற நோய்கள் உள்ளோராயின் 32.5-க்கு மேற்பட்டோர்க்கும் அறுவையைப் பற்றி ஆலோசிக்கலாம் என்று கருத்துரைத்தனர். ஆனால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வரையறையோ, எண் 40 அல்லது கடும் நோய்களுடன் 35 என்னும் அளவைக் கொண்டது. பிற முறைகள் பயன்படாமற் போயிருத்தலும் வேண்டும். வைத்தியர் தகுதியென்று கூறுவதும் பாலிசி ஏற்பதும் ஒன்றாக இருக்குமென்று எண்ணி முன்பணம் கட்டுவது தகாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் சிந்திக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. இச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் பி12, வைட்டமின் டி முதலியவற்றை வாழ்நாள் முழுதும் கவனித்து உட்கொள்ள வேண்டும். காலந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். இறைச்சி உண்ணாதவரிடம் பி12 குறைவு முன்னமே இருத்தல் கூடும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு வைட்டமின் பி1 குறைந்து, நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம்; அப்பொழுது தாமதம் ஆபத்தாகும். விடுமுறையில் ஊருக்குச் சென்று அங்கே அறுவை செய்துகொண்டு, வேலை பார்க்கும் நகருக்குத் திரும்பிவிடுபவர், தம்மைத் தொடர்ந்து கவனிக்கப் போகின்றவர் யார் என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். உத்தியோக மாற்றலாகிச் செல்வோர், எம்முறை அறுவை, எந்நாளில், என்ன நேர்ந்தது என்னும் குறிப்புகளைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். மேசனின் பதிவேடு உணர்த்தும் பாடம் தனி மனிதருக்கும் பொருந்துவதே.

அச்சத்தை வெளியிடுவோரைப் பரிகசிப்பதும், பருத்த உடலினரைச் சோம்பேறி என்றும் பெருந்தீனிக்காரர் என்றும் இகழ்வதும் ஒரே வகைக் குற்றமாகும். அவ்விகழ்ச்சிக்கு அஞ்சி அறுவைக்கு விரைபவரும் உளர். அறுவைக்கு ஆளானதை மறைத்து, வேண்டிய உதவியைக் கேளாது துன்புறுபவரும் உளர். ஊரிலிருக்கும் பெற்றோர் "கத்தி மட்டும் வேண்டாம், அப்பா" என்று தொலைபேசியில் கெஞ்சும்பொழுது, அச்சொல்லில் அன்பும் இருக்கின்றது, பழைய அனுபவமும் இருக்கின்றது. அவர்களுக்கு விடையாக எண்களை எடுத்துரைக்கலாம். அமெரிக்காவின் பத்து ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 4,600 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுவையை அடுத்த 30 நாட்களில் ஆயிரவரில் மூவர் இறந்தனர். ஏறத்தாழ 43 பேர் மரணம் உள்ளிட்ட பெருந்தீங்கு ஏதேனும் ஒன்றுக்கு ஆளாயினர். இவை சிறிய எண்கள். ஆயினும் சூனியம் அல்ல. அவற்றோடு, ஒன்றும் செய்யாதிருந்தால் நீரிழிவும் இதய நோயும் அடுத்த பத்தாண்டில் விளைவிக்கக்கூடிய தீங்கையும் அருகே எழுதிப் பார்க்க வேண்டும். அறுவையின் ஆபத்து முன்னே வருகின்றது. பருமனின் ஆபத்து பின்னே, ஓசையின்றி வருகின்றது. முன்னே வருவதே நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே. அஞ்சுவதும் அஞ்சாமையும் தனித்தனியே விவேகமாகா. 1960-களில் அஞ்சியிருக்க வேண்டியவர்கள் அஞ்சவில்லை. இன்று அளந்து அறியத்தக்கதைப் பலர் அளவாமலே அஞ்சுகின்றனர். வைத்தியரிடம் செல்வோர், "இம்முறையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? அவர்களுள் எத்தனை பேரை ஐந்தாண்டுக்குப் பின்னும் பார்த்து வருகின்றீர்கள்?" என்னும் இரண்டு வினாக்களையேனும் தயங்காமல் கேட்க வேண்டும். இரண்டாவது வினாவிற்குத் தெளிவான விடை கூறுபவரிடம் நம்பிக்கை வைக்கலாம். கூற இயலாதவரிடத்து, நம் முன்னோரின் அச்சமே நமக்குத் துணையாகுக.