தறிக்கூலி எத்தனை பேருடையது?

ஒருவருக்கு அதிகக் கூலி, இன்னொருவருக்குக் குறைவு, ஏன்? 1945-இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். முக்கியமான வேலை, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. ஆகவே கூலி அதிகம். 1953-இல் மெல்வின் டூமின் மறுத்தார்: எது முக்கியம் என்று முடிவு செய்வது யார்?

அந்தக் கேள்வியை எங்கள் ஆரணியில் வைத்துப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற பட்டு. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியோ சங்கமோ தரும். நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கில் ஒரு பெயர்தான்.

ஆனால் நெய்வதற்கு முன்னே எவ்வளவு வேலை! தார் சுற்ற வேண்டும். பழைய பாவோடு புதுப் பாவை ஆயிரக்கணக்கான இழைகளாகப் பிணைக்க வேண்டும். கோர்வைச் சேலையென்றால் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் கூடவே உட்கார வேண்டும். வெளியாள் வந்து பிணைத்தால் தனிக்கூலி உண்டு. வீட்டுப் பெண் செய்தால் அதற்குப் பெயர் 'ஒத்தாசை'. இழை அதேதான், விரல்தான் வேறு. இதில் பயிற்சிக் குறைவு எங்கே இருக்கிறது?

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 72 சதவீதம் பெண்கள். டூமின் பக்கம்தான் நியாயம் என்பேன். 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலை செய்யும் ஆணையும் பெண்ணையும் அது ஒப்பிட்டது. கணக்குப் புத்தகத்தில் பெயரே இல்லாதவளை யாரோடு ஒப்பிடுவது?