காலேஜில் சேர்ந்த பிள்ளை பட்டம் வாங்குவது எப்படி? – நம்ம தருமபுரி மாவட்டத்தின் கதை



பத்து நாளில் மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான்: "சார், பையன் இனிமே காலேஜுக்குப் போக மாட்டேன்னு உக்காந்துட்டான், என்ன பண்றது?" போனில் சொன்னது பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்குவேன். பொறுமையாகப் படியுங்கள்.

1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆனது. தருமபுரி அரசு கலைக் கல்லூரி தொடங்கியதும் அதே 1965தான். அதற்கு முன் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காலேஜ் என்றால் பெரும்பாலும் சேலம். அங்கே தங்கவும் சாப்பிடவும் பணம் வேண்டும். நிலபுலம் உள்ள வீட்டுப் பையன் போனான், மற்றவன் ஏர் பிடித்தான். அந்தக் காலத்தில் காலேஜை விட்டு நின்றவர்கள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே போனவர்களே குறைவு என்பதுதான்.

அடுத்த தடை பி.யு.சி. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, காலேஜில் ஓராண்டு பி.யு.சி. தேறினால்தான் பட்டப்படிப்பு. பதினோரு வருஷம் தமிழில் படித்த பிள்ளைக்குத் திடீரென்று எல்லாப் பாடமும் இங்கிலீஷில். ஊரும் புதிது, மொழியும் புதிது, கையில் இருப்பதோ பத்து மாதம். "பி.யு.சி. ஃபெயில்" என்பதே சிலருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டதை உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். 1978இல் பிளஸ் டூ வந்து பி.யு.சி. போனது. இந்த மாற்றத்தைப் பலரும் பெரிதாக நினைப்பதில்லை. என் கணக்கில் அது பெரிய மாற்றம். காலேஜில் தத்தளித்த அந்த ஒரு வருஷம், வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷமாக மாறியது. பிள்ளை அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் படியைத் தாண்டியது.

பிறகு தூரமும் குறைந்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், காரிமங்கலம் என்று அரசுக் கல்லூரிகள் வந்தன. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. 2008இல் தருமபுரியிலேயே மருத்துவக் கல்லூரி வந்தது. இருந்தாலும் சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கி வரும் பிள்ளைக்கு இன்றைக்கும் பஸ் நேரம்தான் பாட நேரம். ஒரு பஸ் தவறினால் அன்றைய வகுப்பு போச்சு. அப்படிப் பல நாள் போனால் வருகைப் பதிவு குறைந்து, பரீட்சை எழுதவே முடியாமல் போகிறது.

இப்போது நிலைமை என்ன? 2021-22 மத்திய அரசுக் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. பெருமைதான். ஆனால் அது சேர்ந்தவர்களைக் காட்டும் கணக்கு. எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை அது சொல்லாது. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகக் கணக்கில் வந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று காலேஜில் உட்கார்ந்திருக்கிறார்கள். செமஸ்டர், இன்டர்னல் மார்க், அரியர் என்றால் என்ன என்று வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை.

படிப்பை விட்டவர்கள் நிறைய பேரிடம் பேசியிருக்கிறேன். "படிப்பு ஏறல சார்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொஞ்சம் கிளறினால் வேறு வேறு காரணம் வரும். முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர் விழுந்த வெட்கம். பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் கையில் காசில்லாதது. ஓசூரிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போன கூட்டாளி புது பைக்கில் வந்து நிற்பது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போவது. பெண்பிள்ளை என்றால், "நல்ல இடம் வந்திருக்கு" என்ற ஒரே வாக்கியம்.

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது: பத்து நாள் வராவிட்டாலும் "ஏன் வரலை?" என்று கேட்க ஆளில்லாதது. வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க அறிஞர் 1975இலேயே இதை எழுதினார். மாணவன் படிப்பை விடுவதும் தொடர்வதும் அவன் திறமையை மட்டும் பொறுத்ததல்ல, அந்தக் கல்லூரியோடு அவனுக்கு ஏற்படும் ஒட்டுதலையும் பொறுத்தது என்பது அவர் வாதம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "இது நம்ம இடம்" என்ற நினைப்பு பிள்ளைக்கு வர வேண்டும்.

சரி, எது உதவுகிறது? இதற்கும் நம் மாநில வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. 2011இல் அதை உயர்த்தி, பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்குத் தங்கம் என்றார்கள். படிக்க வைக்க அது ஒரு தூண்டுதலாக இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் கல்யாணத்தின்போதுதான் கைக்கு வரும். நடுவில் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உதவாது. 2022 செப்டம்பர் 5 அன்று அந்தத் திட்டம் "புதுமைப் பெண்" ஆக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் காலேஜில் படிக்கும் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் "தமிழ்ப் புதல்வன்" வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் அது தொடர்ந்து படித்தால் மட்டும் வரும், மாதாமாதம் வரும். அப்பாவிடம் கை நீட்டாமல் பரீட்சைக் கட்டணம் கட்டலாம். படிப்பு முடிந்த பிறகு தரும் பரிசைவிடப் படிக்கும்போது தரும் கைச்செலவு பிள்ளையை நிறுத்தி வைக்கும் என்பது என் எண்ணம்.

பணம் மட்டும் போதுமா? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஏழை மாணவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் குறைவதை ஈடுகட்டினார்கள். புத்தகச் செலவுக்கு உதவினார்கள். பஸ், ரயில் பாஸ் கொடுத்தார்கள். இவற்றோடு, அடிக்கடி கூப்பிட்டுப் பேச ஒரு ஆலோசகரையும் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்தார்கள். அடிப்படைப் பாடத்தில் பின்தங்கியிருந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களில் 22 விழுக்காடு, திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு. அவ்வளவு பெரிய பணக்கார ஊரிலேயே பஸ் பாஸும் விசாரிக்க ஒரு ஆளும் தேவைப்பட்டால், நல்லம்பள்ளிப் பிள்ளைக்குத் தேவைப்படாதா?

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்:

1. உங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் முதல் வருஷம் சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு போன். "நல்லா படி" என்று உபதேசம் வேண்டாம். "இந்த வாரம் எத்தனை நாள் போனே? எந்தப் பாடம் புரியலை?" என்று கேளுங்கள்.

2. அரியர் என்றால் அவமானம் இல்லை. மறுபடி எழுதலாம். உங்களில் அரியர் வைத்துப் பாஸ் செய்து இன்று நல்ல வேலையில் இருப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். என் நூறு அறிவுரையைவிட அது வேலை செய்யும்.

3. பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் ஒரு படிப்பு நின்றுவிடக் கூடாது.

4. படிப்பை நிறுத்தியவர்கள் திரும்பச் சேர வழி இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

5. பெண்பிள்ளைக்கு வரன் வந்தால், "பட்டம் வாங்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். மாமா, சித்தப்பா சொன்னால் எடுபடும், வாத்தியார் சொல்லை விட.

நான் வகுப்பெடுத்த காலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெயர்ப் பலகை எழுதி வைப்போம். இப்போது எனக்கு வேறு ஒரு பட்டியல் வேண்டும். நீங்கள் பொறுப்பெடுத்துக்கொண்ட பிள்ளை எந்த ஊர், எந்த வருஷம் என்று எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பெயர் வேண்டாம். தீபாவளி விடுமுறை முடிந்து அந்தப் பிள்ளை திரும்ப வகுப்புக்குப் போனதா என்று நான் உங்களைக் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்