யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலி

கிடுகு வேலி என்பது பின்னிய தென்னோலையைத் தடிகளில் கட்டி அமைக்கும் மறைப்பு வேலி ஆகும். தமிழ்நாட்டில் கீற்று எனப்படுவதே ஈழத்தில் கிடுகு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடும் கிணறும் மரங்களும் அடங்கிய வளவுகளைச் சுற்றியும், அவற்றிடையே ஓடும் ஒழுங்கைகளின் இரு மருங்கிலும் இவ்வேலிகள் நின்றன. தென்னை குறைந்த ஊர்களில் பனையோலையால் அடைத்தனர். நெடுந்தீவில் முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகளை இன்றும் காணலாம்.

தென்னோலையை நடுநரம்பு வழியே இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்துக் கிடுகு பின்னுவர். வேலியைத் தாங்கும் தடிக்குக் கதியால் என்று பெயர். இது உயிருள்ள தடி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கிளைகளை மாரி மழையின் தொடக்கத்தில் நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும். கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுத் தடிகளைக் கட்டி, மேல்வரிசை கீழ்வரிசையை மூடும்படி கிடுகுகளை அடியிலிருந்து மேலாக வைத்துக்கொண்டு போவர். கட்டுவதற்கு இருவர் வேண்டும்: வளவுக்குள் ஒருவர், வெளியே ஒருவர். நாரோ கயிறோ கோத்த குத்தூசி ஓலையைத் துளைத்து இருவருக்கும் இடையே போய்வரும். இந்த வேலையே வேலி அடைத்தல்.

மழையும் கறையானும் ஓலையை விட்டுவைப்பதில்லை. ஓரிரு ஆண்டுகளில் அது மக்கிவிடும். வெயில் காலத்தில் மறுபடி அடைக்க வேண்டும். கழற்றிய பழைய ஓலை அடுப்புக்கோ தோட்டத்து மண்ணுக்கோ போகும். கதியாலில் வெட்டும் குழை ஆட்டுக்கும் பயிருக்கும் உதவும்.

பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியதை நடும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஒரு சாண் தள்ளி நட்டால் எல்லையும் ஒரு சாண் நகரும். அடுத்த அடைப்பில் இன்னொரு சாண். இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்ட நிலத்துக்கு ஆண்டவரே உரிமை கோரலாம். ஆகவே பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கும் நாளில் தானும் போய் நிற்பது வீண் சந்தேகமன்று. பேசாமல் இருந்தால் காணி போய்விடும். வேலிச் சண்டைகள் நீதிமன்றம்வரை போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பருத்து முதிர்ந்த பூவரசு வரிசை அங்கே பழைய எல்லைக்குச் சாட்சியாகும்.

யாழ்ப்பாணச் சமூகத்தின் மூடிய தன்மையைச் சாடுவோர் 'கிடுகு வேலிக் கலாசாரம்' என்பார்கள். செங்கை ஆழியான் தம் நாவல் ஒன்றுக்குக் 'கிடுகு வேலி' என்றே பெயரிட்டார். சாட்டில் உண்மை உண்டு. பெண்களை உள்ளேயும், சாதியின் பெயரால் சிலரை வெளியேயும் நிறுத்த வேலி பயன்பட்டது. ஆனால் அதே வேலியில் அயல்வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி, இருந்ததையும் மறக்கக் கூடாது. நெருப்புத்தணலும் கறிக்கிண்ணமும் அதன் வழியே போய்வந்தன. இரு வீட்டாருக்கும் பகை மூண்டால் முதலில் அடைபடுவதும் அதுவே.

மதில் கட்டப் பணமுள்ளவர்கள் முன்பே கல்லுக்கு மாறியிருந்தனர். போர் மற்ற வேலிகளையும் குலைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் சிக்கிய வளவுகளில் பல ஆண்டுகள் வேலி அடைக்க எவரும் இல்லை. 2009க்குப் பின் படிப்படியாக விடுவிக்கப்பட்ட காணிகள் பலவற்றில் வீடும் வேலியும் தரைமட்டமாகியிருந்தன. தம் எல்லை எதுவென்று தேட வேண்டியிருந்தது.

போரால் நிலத்தை விட்டுப் போனவருக்கு எதிராக அந்தப் 10 ஆண்டுக் கணக்கு ஓடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கக் காலாவதி (விசேட ஏற்பாடுகள்) சட்டம், தீவிரவாதச் செயல்களால் தம் உரிமைக்கு வழக்காட முடியாமற்போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. திரும்பி வந்தவர்களில் பலர் கதியாலுக்குப் பதிலாகச் சீமெந்துத் தூணும் தகரமும் முட்கம்பியும் போட்டனர். அவற்றை ஆண்டுதோறும் அடைக்க வேண்டியதில்லை. ஆட்டுக்குக் குழையும் கிடைக்காது.