பெயர் யாருடையது? – ஓர் இசைக்குழுவின் உறுப்பினர் வரலாறு

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே 1968ஆம் ஆண்டு தோன்றிய ‘பிளாக் சபத்’ என்னும் றொக் இசைக்குழுவில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டோர் சேர்ந்தும் விலகியும் உள்ளனர். தொடக்கம் முதல் இறுதிவரை நின்றவர் கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமி ஒருவரே. எமது வாசகருட் சிலருக்கு இவ்விசை செவிக்கு இதமாய் இராது என்பதை நாம் அறிவோம். ஆயினும், பலர் கூடி உழைத்துத் தேடிய ஒரு பெயர் ஈற்றில் எவருடைய உடைமையாகின்றது என்னும் வினாவை இக்குழுவின் வரலாற்றைப் போலத் தெளிவாக எழுப்புவன சிலவே. அதன் பொருட்டே இதனை ஆராயப் புகுந்தோம்.

குழுவைத் தொடக்கிய நால்வரும் பேர்மிங்காமின் அஸ்ரன் பகுதியைச் சேர்ந்தவர்கள். உலகப் போரிற் குண்டுவீச்சால் இடிந்த கட்டடங்களினூடே விளையாடி வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடகர் ஓசி ஒஸ்போண் இறைச்சிக்காக விலங்கு கொல்லும் தொழுவத்திலும், மோட்டார் வண்டிகளின் ஊதுகுழல்களைச் சுருதி பார்க்கும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். திருட்டுக் குற்றத்திற்காகச் சில வாரம் சிறையிலும் இருந்தவர். பேஸ் கிற்றார் வாசித்த கீஸர் பட்லர் கணக்காளராகப் பயிற்சி பெற்றவர். நான்காமவர் ட்ரம் வாசித்த பில் வோட்.

அயோமி தகட்டு வேலைத் தொழிற்சாலையொன்றில் உலோகம் ஒட்டுபவராக இருந்தார். 1965இல், பதினேழு வயதில், இசையையே தொழிலாகக் கொள்ள எண்ணி வேலையை விட்டு நீங்கும் கடைசி நாள் அது. மதிய உணவிற்கு வீடு சென்றவர் திரும்பிப் போக விரும்பவில்லை. தொடங்கிய நாளை முடித்துவிட்டு வா எனத் தாயார் அனுப்பிவைத்தார். அழுத்தும் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளி அன்று வரவில்லை. பழக்கமில்லாத அவ்வியந்திரத்தில் அயோமி நிறுத்தப்பட்டார். அது அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளைப் பறித்தது. இடக்கையால் மீட்டுபவராதலின், தந்திகளை அழுத்தும் கை அதுவே.

தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்தபின்னும் மேதையாய் விளங்கிய ரோமானி இனக் கலைஞர் ஜாங்கோ றைன்ஹாட்டின் இசைத்தட்டொன்றைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரே கொண்டுவந்து கேட்பித்தார். இளைஞர் சவர்க்காரத் திரவப் போத்தலின் பிளாஸ்ரிக்கை உருக்கி விரற்கூடுகள் செய்தார். அவற்றின் மேல் தோல் ஒட்டினார். பான்ஜோவின் மெல்லிய தந்திகளைக் கிற்றாரிற் கட்டினார். 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டிலிருந்து தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். விரல் நோவைக் குறைக்கச் செய்த அவ்வேற்பாட்டாற் பிறந்த கனத்த ஒலியைப் பின்வந்த கிற்றார்க் கலைஞர் பலர் பின்பற்றினர். அவ்வொலியில் அஸ்ரன் ஆலைகளின் சம்மட்டி கேட்கின்றது எனச் சிலர் எழுதுவர். அது கவிஞர் பேச்சு. எமக்குக் கேட்பது, தொழிற்சாலை ஒரு சிறுவனின் கையிற் செய்த சேதமே.

தொடக்கத்திற் குழுவில் அறுவர் இருந்தனர். சக்சபோன் வாசித்தவரையும் மற்றொரு கிற்றார்க் கலைஞரையும் நீக்க விரும்பியபோது, அதனை நேரிற் சொல்லாது, குழு கலைந்துவிட்டதெனக் கூறி ஓசையின்றி நால்வராய் மீளக் கூடினர். பிற்காலத்து வழக்கங்களின் வித்து அங்கேயே விழுந்ததோ எனத் தோன்றுகின்றது. ஏறக்குறைய ஒரே நாளிற் பதிவு செய்த முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரியில் வெளியாயிற்று. அவ்வாண்டே வந்த ‘பரனோயிட்’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. அதன் தொடக்கப் பாடலான ‘வோர் பிக்ஸ்’, வியட்னாம் போர் நடந்த அந்நாளில், ஏழைகளைப் போர்முனைக்கு அனுப்பித் தாம் ஒதுங்கியிருக்கும் ஆட்சியாளரைச் சாடியது. சொற்களிற் பெரும்பகுதி பட்லருடையது; மெட்டும் தாளமும் நால்வர் கூடி உருவாக்கியவை. அக்காலத்துப் பாடல்கள் நால்வர் பெயரிலுமே வெளியிடப்பட்டன.

1979இல் ஒஸ்போண் விலக்கப்பட்டார். குடியும் போதையும் காரணம் என்றனர். ஏனைய மூவரும் அவற்றிற்குப் புறம்பானவர் அல்லர். செய்தியைச் சொல்லும் கடமை அவருடைய நெருங்கிய நண்பரான வோடின் தலையில் விழுந்தது. அமெரிக்கப் பாடகர் றொனி ஜேம்ஸ் டியோ வந்து சேர்ந்தார். 1980இல் வெளியான ‘ஹெவன் அன்ட் ஹெல்’ சிறந்த படைப்பென்பதில் எமக்கு ஐயமில்லை. அவ்வாண்டே வோட், பெற்றோரை இழந்த துயரும் மதுவும் வாட்ட, சுற்றுப்பயணத்தின் நடுவே நீங்கினார். வின்னி அப்பீசி அவரிடத்தில் அமர்ந்தார். 1982இல் டியோவும் அப்பீசியும் போயினர். 1983இல் இயன் கிலன் பாடினார். மறு ஆண்டு பட்லரும் வெளியேறினார்.

இப்போது எஞ்சியவர் அயோமி மட்டுமே. 1986இல் அவர் தம் சொந்தப் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட எண்ணினார். அது நேர்மையான எண்ணம். ஆனால் இசைத்தட்டு நிறுவனமும் முகாமையும் அதற்கு இசையவில்லை. சந்தையில் விலைபோவது பழைய பெயரே. ‘ரொனி அயோமி இடம்பெறும் பிளாக் சபத்’ என்ற விசித்திரமான தலைப்புடன் அது வெளிவந்தது. அதுவரை மாந்தர் ஒரு பெயரைத் தாங்கினர். அதன் பின்னர் பெயர் தனக்கு வேண்டிய மாந்தரைக் கூலிக்கு அமர்த்திற்று எனலாம். பாடகர் கிளென் ஹியூஸ் சுற்றுப்பயணத்தின் தொடக்கத்திலேயே மாற்றப்பட்டார். அவரிடத்திற்கு வந்த றே கிலன் பாடிப் பதிந்த அடுத்த இசைத்தட்டில், அவர் குரலை நீக்கி ரொனி மார்ட்டினின் குரலைச் சேர்த்து 1987இல் வெளியிட்டனர்.

அவ்வாண்டு நிகழ்ந்தவொன்றை நாம் மறைத்தல் தகாது. நிறவெறித் தென்னாபிரிக்காவின் பொம்மை ‘நாடு’களில் ஒன்றான பொபுதத்ஸ்வானாவில் ‘சன் சிற்றி’ என்னும் களியாட்ட விடுதி இருந்தது. அங்கே இசைப்பதில்லை எனக் கலைஞர் பலர் 1985இலேயே கூடிச் சூளுரைத்திருந்தனர். பணமுடை மிக்கிருந்த இக்குழு சென்று இசைத்தது. ட்ரம் கலைஞர் பெவ் பெவன் போக மறுத்தார். அவரிடத்தில் அமர்ந்தவர், இடதுசாரிப் பாடல்களாற் புகழ்பெற்ற ‘கிளாஷ்’ குழுவின் முன்னாள் உறுப்பினர் ரெரி சைம்ஸ். உறுப்பினர் மாற்றங்கள் அனைத்தையும் தனிமனிதர் பிணக்கென்றே எழுதிச் செல்லும் இரசிகர் நூல்களிற் பெவனின் மறுப்பிற்கு ஓரிரு வரிக்கு மேல் இடமில்லை. எமக்கோ இவ்வரலாற்றில் மதிக்கத்தக்க விலகல் அதுவே.

இன்னொருவரையும் குறிப்பிடல் வேண்டும். 1979இல் வந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைத்தவர் விசைப்பலகைக் கலைஞர் ஜெப் நிக்கல்ஸ். பாடகர் பலர் வந்து போயினர், இவர் இருந்தார். ஆயின் பெரும்பாலும் மேடையின் ஓரத்திலோ திரைக்குப் பின்னாலோ, பார்வையாளர் காணாதபடி இருந்தே வாசித்தார். நால்வர் குழு என்ற தோற்றம் குலையலாகாதே!

1997இல் பழைய நால்வரும் மீண்டும் கூடினர். எனினும் பெயரின் வழக்கு ஓயவில்லை. 2006இல் டியோவுடன் மீளக் கூடியபோது அயோமியும் பட்லரும் ‘ஹெவன் அன்ட் ஹெல்’ என்னும் வேறு பெயரையே சூட்டிக்கொண்டனர். 2009இல் ஒஸ்போண், பெயருரிமை முழுவதையும் அயோமி தமதாக்கிக்கொண்டாரென நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு இணக்கத்தில் முடிந்தது. இயந்திரத்திற்கு விரல் கொடுத்த தொழிலாளியே வழக்கில் உடைமையாளராய் நிற்கின்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. ஏனையோர் போனபோது சுமையைத் தாங்கியவர் அவரே. ஆனால் சுமந்தவர் அவர் மட்டும்தானா?

2011 நவம்பரில் நால்வரும் மீண்டும் சேர்வதாக அறிவித்தனர். 2012 பெப்ரவரியில் வோட், தாம் கையொப்பமிடத்தக்க ஒப்பந்தம் தரப்பட்டாலன்றிச் சேர இயலாதென வெளிப்படையாக அறிக்கை விட்டார். அவரது உடல்நிலை பயணத்திற்கு ஏற்றதன்று என ஒஸ்போண் பின்னர் கூறினார். 2013இல் வந்த இசைத்தட்டில் ட்ரம் வாசித்தவர் ‘றேஜ் எகெய்ன்ஸ்ற் த மெஷின்’ என்னும் முதலாளித்துவ எதிர்ப்புக் குழுவின் பிறாட் வில்க். அவரைப் பழிப்பது எமது நோக்கமன்று. வேலை கொடுத்தார்கள், செய்தார். நாற்பத்துமூன்று ஆண்டுகளின்பின் அவ்விசைத்தட்டு பிரித்தானியப் பட்டியலின் முதலிடத்தை எட்டியபோது வோட் அதில் இல்லை. 2017 பெப்ரவரி 4ஆம் நாள் பேர்மிங்காமிற் சுற்றுப்பயணம் நிறைவுற்றபோதும் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னர், ஜனவரி 28இல், நிக்கல்ஸ் காலமானார்.

2025 யூலை 5இல், அஸ்ரனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில், இருபது ஆண்டுகளின் பின் நால்வரும் ஒருங்கே மேடையேறினர். வருவாய் பேர்மிங்காம் சிறுவர் மருத்துவமனை உள்ளிட்ட அறநிலையங்களுக்குச் சென்றது. நடக்க இயலாத ஒஸ்போண் இருக்கையில் அமர்ந்தே பாடினார். பதினேழு நாட்களின் பின் இறந்தார். அன்று இசைத்தவை நான்கே பாடல்கள். முதலாவது ‘வோர் பிக்ஸ்’. ட்ரம்மின் முன் இருந்தவர் வோட்.