டவர் இல்லாமல் ஒலித்த போன்கள்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் வரலாறு என்றால் 2006இல் தொடங்கிய உற்பத்தி, ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்த வேலை, வரி வழக்கு, 2014 நவம்பர் 1 அன்று விழுந்த பூட்டு இவைதான் பேசப்படுகின்றன. அந்தத் தொழிலைத் தாங்கிய ஒரு பழக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. போனைப் பெட்டியில் போடுமுன் அது நெட்வொர்க்கோடு சரியாகப் பேசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதை நிஜமான டவரை நம்பிச் செய்ய வேண்டியிருந்தால், ஸ்ரீபெரும்புதூரில் கோடிக்கணக்கில் போன் செய்திருக்கவே முடியாது என்பது என் துணிபு.

ஜிஎஸ்எம் போன் ஆலைகளின் வழக்கம் இது. வெளி அலை எதுவும் புகாத உலோகப் பெட்டிக்குள் போனை வைப்பார்கள். வெளியே இருக்கும் டெஸ்டர் கருவி டவராக நடிக்கும். சோதனை சிம்மின் நாட்டுக் குறியீடு 001, நெட்வொர்க் குறியீடு 01. சோதனைக்கென்றே ஒதுக்கிய எண்கள், எந்த நாட்டுக்கும் உரியவை அல்ல. போன் பதிவாகும், அழைப்பு வரும், கருவி அளக்கத் தொடங்கும். 900 மெகாஹெர்ட்ஸில் உச்ச ஆற்றல் 2 வாட் வருகிறதா? அதிர்வெண் பிசகு கோடியில் ஒரு பங்குக்குள் நிற்கிறதா? டவருக்கு வெகு தொலைவில் கிடைப்பது போன்ற மெலிந்த அலையை வேண்டுமென்றே அனுப்பி, அதிலும் போன் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நிஜ டவரில் இது நடக்காது. அதன் அலை நெரிசலுக்கேற்ப மாறும். அழைப்பு அறுந்தால் குற்றம் போனுடையதா டவருடையதா என்று தெரியாது. நம் ஊர் ஜிஎஸ்எம் 900, 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அமெரிக்கக் கண்டங்களின் 850, 1900க்கான போனை இங்குள்ள எந்த டவரில் சோதிப்பது?

போலி டவரில் தேறிய போன் நிஜத்தில் தடுமாறாதா என்று கேட்கலாம். தடுமாறலாம். ஓடும் பேருந்தில் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறுகையில் அழைப்பு அறுவதை அந்தப் பெட்டி காட்டாது. ஆனால் அது வடிவமைப்பின் கேள்வி. மாடல் சந்தைக்கு வருமுன் சாலைகளில் நடக்கும் களச் சோதனை அதற்கு விடை சொல்லியிருக்க வேண்டும். அசெம்பிளி லைன் கேட்பது வேறு: கையிலிருக்கும் இந்த ஒரு போன், ஒப்புதல் பெற்ற மாடலைப் போலவே இருக்கிறதா? சால்டர் விட்டிருந்தாலும், ஒரு சில்லு பழுதானாலும் போலி டவர் உடனே சொல்லிவிடும். இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பினால்தான் போலி ஏமாற்றுகிறது.

நிஜமா போலியா என்ற அதே வாதம் இன்று மென்பொருள் துறையில் நடக்கிறது. அமேசான் எஸ்கியூஎஸ் போன்ற கிளவுட் மெசேஜ் சேவைக்குப் பதிலாக லோக்கல்ஸ்டாக் போன்ற போலியைத் தங்கள் கணினியிலேயே ஓட்டி டெஸ்ட் செய்கிறார்கள். இணையத்தைத் தாண்டிப் போய்வரும் காத்திருப்பு மிச்சம். எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எஸ்கியூஎஸின் சாதாரண வரிசை ஒரே செய்தியை இருமுறை தரலாம், முன்பின்னாகவும் தரலாம். அவசரமாக எழுதிய போலியோ ஒவ்வொன்றையும் ஒருமுறை, ஒழுங்காகத் தரும். அதில் தேறிய நிரல் நிஜத்தில் ஒரே பில்லை இருமுறை போட்டுவிடும். அதற்காகப் போலியைத் தூக்கியெறிவது தவறு. டெஸ்டர் கருவி மெலிந்த அலையை அனுப்பியதுபோல, போலியும் செய்தியை இரட்டித்து, வரிசையைக் கலைத்துத் தர வேண்டும். சேவையைப் பயன்படுத்த நிரலுக்கு அனுமதி உண்டா என்ற சரிபார்ப்பு அப்படியல்ல. கூகுளின் மெசேஜ் சேவையான பப்சப்புக்குரிய போலியான எமுலேட்டரில் அந்த வசதியே கிடையாது. அதற்கு மட்டும் வெளியீட்டுக்கு முன் நிஜ கிளவுடில் சில டெஸ்ட்களை ஓட்டித்தான் ஆக வேண்டும்.